பாரிஸில் எழுதிய பட்டா

பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். ‘மூன்றாம் கர்நாடகப் போரின் காரணங்களும் விளைவுகளும் யாவை?’ ஐந்து மார்க். காரணம் நாலு, விளைவு நாலு எழுதி, கடைசியில் ‘1763-ல் பாரிஸ் உடன்படிக்கையுடன் போர் முடிவுற்றது’ என்று ஒரு வரி போட்டால் போதும். வாத்தியார் முழு மார்க் போட்டுவிடுவார்.

அந்த உடன்படிக்கையில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்று எந்த வாத்தியாராவது உங்களுக்குச் சொன்னாரா? நீங்களாவது கேட்டீர்களா? போரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்துகிறோம். சமாதானத்துக்கு ஒரே வரி. போரில் அடித்துப் பிடுங்கியதைவிட அந்தச் சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுப் பிடுங்கியது ஜாஸ்தி என்பதுதான் என் கட்சி. அதிலும் குறிப்பாக, திருச்சிக்காரர்களும் ஸ்ரீரங்கத்துக்காரர்களும் அந்தத் தாளை எடுத்துப் படித்தே ஆகவேண்டும். ஏனென்றால் சண்டை அவர்கள் வீட்டு வாசலில்தான் நடந்தது.

முதலில் பெயரைச் சரி பண்ணிக்கொள்வோம். ‘கர்நாடகம்’ என்றதும் பெங்களூருக்குப் போய்விடாதீர்கள். ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்புக்கு அன்றைக்கு ஐரோப்பியர்கள் வைத்திருந்த பெயர் அது. சென்னை, ஆற்காடு, செஞ்சி, திருச்சி எல்லாம் அடக்கம். அதாவது நம்ம ஊர். ‘மூன்றாம் கர்நாடகப் போர்’ என்று நாம் படித்ததும் ஐரோப்பாவில் ‘ஏழாண்டுப் போர்’ என்று சொல்வதும் ஒரே சண்டைதான். 1756-லிருந்து 1763 வரை ஐரோப்பா, வட அமெரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், இந்தியா, பிலிப்பைன்ஸ் என்று பூமிப்பந்து முழுக்க நடந்தது. உண்மையான முதல் உலகப்போர் இதுதான் என்று சர்ச்சிலே எழுதியிருக்கிறார். அந்த உலகப்போரில் பொன்மலைக்கும் காவிரிக்கரைக்கும் வந்தவாசிக்கும் பங்கு உண்டு. நம் பாடப்புத்தகம் அதை ஏதோ இரண்டு கம்பெனிகளின் வாய்க்கால் தகராறு மாதிரி சுருக்கிவிட்டது.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். 1763 பிப்ரவரி 10. இடம் பாரிஸ். பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று ராஜாக்களின் சார்பில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 27 பிரிவுகள். கனடா யாருக்கு, குவாடலூப் தீவு யாருக்கு, புளோரிடா யாருக்கு, எந்தக் கடலில் யார் மீன் பிடிக்கலாம் என்றெல்லாம் பங்கு பிரித்துக்கொண்டே போய், 11-வது பிரிவில் நம் கதை வருகிறது. 

அதன் சாரம் இவ்வளவுதான். 1749-ன் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த வியாபாரத் தலங்களை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பிடித்ததை எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட வேண்டும். வங்காளத்தில் அவர்கள் கோட்டை கட்டக் கூடாது, படை வைக்கக் கூடாது. சோழமண்டலக் கரையில் இனிமேல் அமைதி நிலவ வேண்டும் என்பதற்காக, முகமது அலியைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்றும், சலாபத் ஜங்கை தக்காணத்தின் சட்டப்படியான சுபேதார் என்றும் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

சட்டப்படியான நவாப். எந்தச் சட்டப்படி? முகலாய பாதுஷா என்று ஒருவர் பெயருக்காவது இருந்தார். அவர் கையெழுத்து இல்லை. நவாப் கையெழுத்து இல்லை. தஞ்சாவூர் ராஜா, மைசூர்க்காரர், புதுக்கோட்டைத் தொண்டைமான், பாளையக்காரர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களைக் கேட்டார்கள். வியாபாரிகளைக் கேட்டு, ராஜாக்கள் கையெழுத்துப் போட்டு, திருச்சிராப்பள்ளிக்கு நவாப் நியமனம்! பட்டா மாற்றிக் கொடுக்கக்கூட கிராமத்தில் வி.ஏ.ஓ. வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும் என்கிறோம். இங்கே ஒரு நாட்டுக்கே பட்டா, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் எழுதப்பட்டது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. ‘தக்காணத்தின் சட்டப்படியான சுபேதார்’ என்று இவர்கள் மை தொட்டு எழுதினார்களே சலாபத் ஜங், அந்த மனிதரை அவருடைய தம்பி நிஜாம் அலி 1762-லேயே பதவியிலிருந்து இறக்கி பீதரில் சிறை வைத்துவிட்டார். பாரிஸுக்கு சேதி எட்டவில்லை. கம்பிக்குப் பின்னால் இருந்த ஆளுக்கு ராஜ்ஜியம் எழுதி வைத்தார்கள். அதனால் அவருக்கு என்ன நன்மை என்று கேட்காதீர்கள். 1763 செப்டம்பரில் அவர் கொல்லப்பட்டார். ஐரோப்பா அங்கீகரித்த அண்ணன் உயிரோடு இருப்பது தம்பிக்கு ஆபத்து இல்லையா?

திருச்சிக்கு வருவோம். முகமது அலி யார்? 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த சண்டையில் நவாப் அன்வருதீன் செத்துப் போனார். அவருடைய பிள்ளை முகமது அலி தப்பி ஓடி வந்து புகுந்த இடம் திருச்சிக் கோட்டை. எதிரி சந்தா சாகிப். அவருக்கும் திருச்சி பழகின ஊர்தான். நாயக்கர் அரசி மீனாட்சியிடமிருந்து கோட்டையைப் பிடுங்கியவரே அவர். சந்தா சாகிப்புக்குப் பின்னால் பாண்டிச்சேரி டூப்ளே, முகமது அலிக்குப் பின்னால் சென்னைக் கம்பெனி. 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார் என்று வீரதீரமாகச் சொல்கிறோமே, அது எதற்காக? திருச்சி மேல் இருந்த முற்றுகையைத் தளர்த்துவதற்காக. ஆற்காடு திசைதிருப்பல். பந்தயப் பொருள் மலைக்கோட்டை.

இன்றைக்கும் திருச்சிக்காரர்கள் தினமும் ‘மெயின் கார்டு கேட்’ என்கிறார்கள். ‘மேலப்புலிவார்டு ரோடு’ என்கிறார்கள். பஸ் கண்டக்டர் அதைக் கூவும் அழகே தனி. புலிக்கும் அந்த ரோட்டுக்கும் சம்பந்தமில்லை. ‘புலிவார்டு’ என்பது பூல்வார்டின் தமிழ் அவதாரம். போன கோட்டையின் மிச்சம் எல்லாம் நாக்கில்தான் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தின் கதை இன்னும் மோசம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு தீவு, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். பக்தனுக்கு அது பூலோக வைகுண்டம். படைத்தளபதிக்கு அது கட்டி வைத்த கோட்டை. 1751-ல் தோற்றுப் பின்வாங்கி வந்த ஆங்கிலப் படை கோயிலுக்குள் புகுந்துகொண்டது. இதற்கு மேல் உள்ளே வந்து தீட்டுப்படுத்தாதீர்கள் என்று பட்டர்கள் கெஞ்சியதையும், வெளிப் பிராகாரங்களோடு அவர்கள் நின்றதையும் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதி வைத்திருக்கிறார். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1752 ஜூனில் ஜாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதி இந்தத் தீவில்தான் மொத்தப் படையோடு சரணடைந்தார். அவரோடு மாட்டிக்கொண்ட சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பிப் போய், தலையை இழந்தார். அந்தத் தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சிக் கோட்டையைச் சுற்றிவரச் செய்தார்கள். 

இதெல்லாம் ஐரோப்பாவில் போர் அறிவிக்கப்படுவதற்கு முன்னாலேயே. ‘ஏழாண்டுப் போர்’ என்று அவர்கள் எண்ணுகிறார்கள். திருச்சி வட்டாரத்துக் குடியானவன் எண்ணியிருந்தால் பதினாலு வருஷம் வரும்.

1756-ல் அங்கே முறைப்படி போர் தொடங்கியதும் இங்கே மறுபடி ஆரம்பம். 1757 மே மாதம். கேப்டன் கலியாட் மதுரைப் பக்கம் போயிருந்த சமயம் பார்த்து, பிரெஞ்சுப் படை திருச்சியைச் சூழ்ந்துகொண்டது. கோட்டைக்குள்ளே ஐந்நூறு பேர் அளவுக்குப் பிரெஞ்சுப் போர்க்கைதிகள். காவலுக்கு இருந்த வெள்ளைக்காரர்கள் அதைவிடக் குறைவு. கலியாட் அடித்துப் பிடித்துத் திரும்பி வந்தார். எல்லாப் பாதையிலும் பிரெஞ்சுக்காரர்கள் காவல் போட்டிருந்தார்கள், ஒன்றைத் தவிர. நெல் வயல். முழங்கால் சேற்றில் ராணுவம் எப்படி வரும் என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார்கள். கலியாட் ராத்திரியோடு ராத்திரியாக அந்தச் சேற்றை மிதித்து விடியற்காலை கோட்டைக்குள் போய்விட்டார். முற்றுகை முடிந்தது. ஆங்கிலப் புத்தகங்கள் இதை மெச்சோ மெச்சென்று மெச்சுகின்றன. அந்த வயல் யாருடையது, அந்தப் பயிர் என்ன ஆனது என்று ஒரு புத்தகத்திலும் வரி கிடையாது. நாம் எழுதும் புத்தகத்திலாவது இருக்கிறதா?

1758-ல் லாலி வந்தார். கவுண்ட் லாலி, பிரான்ஸ் அனுப்பிய பெரிய தளபதி. கையில் காசு இல்லை. தஞ்சாவூர் ராஜா எப்போதோ சந்தா சாகிப்புக்கு எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய் பத்திரம் ஒன்று பாண்டிச்சேரிப் பெட்டியில் கிடந்தது. அதை வசூலிக்கக் கிளம்பினார். வழியில் நாகூரைச் சூறையாடினார்கள். கீவளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார்கள். விக்கிரகங்கள் தங்கம் இல்லை, வெண்கலம் என்று தெரிந்ததும் ஏமாற்றம். கோயிலைச் சுற்றி நடமாடிய பிராமணர்கள் ஆறு பேரை உளவாளிகள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் லாலி. தஞ்சாவூரும் கிடைக்கவில்லை, ஆகஸ்டில் பட்டினியோடு பின்வாங்கினார். சென்னையை முற்றுகை போட்டார், அதுவும் கிடைக்கவில்லை.

இப்போது மறுபடி ஸ்ரீரங்கம். 1759-ன் கடைசியில் லாலி தன் படையில் பெரும்பகுதியைப் பிரித்து, கிரியோன் என்ற தளபதி தலைமையில் தெற்கே அனுப்பினார். நவம்பரில் கிரியோன் ஸ்ரீரங்கத்தைத் தாக்கிப் பிடித்தார். எதற்கு ஸ்ரீரங்கம்? ரங்கநாதரைச் சேவிக்கவா? காவிரிக்கரையின் வரி வசூல்! சம்பளம் கிடைக்காமல் கலகம் செய்யும் படைக்கு இந்த மண்ணின் நெல்தான் சம்பளம். ஆனால், படையைப் பிரித்ததுதான் லாலி செய்த பெரிய தப்பு. வடக்கே ஆள் குறைந்ததும் அயர் கூட் பாய்ந்து வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். அதை மீட்கப் போன லாலி, 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் நொறுங்கிப் போனார். இந்தியாவில் பிரெஞ்சு ராஜ்ஜியக் கனவு அந்த ஒரு நாளில் முடிந்தது என்பார்கள். அந்த நாளின் விதை ஸ்ரீரங்கத்து வரிப்பணத்தில் இருக்கிறது. வந்தவாசியைப் பற்றி எழுதுகிற நம்மவர்களில் எத்தனை பேர் ஸ்ரீரங்கத்தைச் சொல்கிறார்கள்?

அதன் பிறகு பாண்டிச்சேரி முற்றுகை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1760 நவம்பர் 27. கோட்டைக்குள் சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. லாலி ஒரு முடிவெடுத்தார். ஊர் மக்கள், அதாவது ‘கறுப்பர்கள்’, 1400 பேரைப் பாண்டிச்சேரியிலிருந்து வெளியே துரத்தினார். ஆண், பெண், கிழம், குழந்தை எல்லாம். அவர்கள் ஆங்கிலேயர்களின் காவல் வரிசைக்குப் போனார்கள். போக விடவில்லை, திருப்பி விரட்டினார்கள். ஊருக்குத் திரும்பினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். மறுபடி இந்தப் பக்கம். மறுபடி விரட்டல். எட்டு நாள். இரண்டு ஐரோப்பியப் படைகளுக்கு நடுவே உள்ள பொட்டலில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு எட்டு நாள். கடைசியில் கூட் மனமிரங்கி வழிவிட்டார். வழிவிட்டதற்காக ஆங்கில நூல்கள் அவரைப் புகழ்கின்றன. எட்டு நாள் வழிவிடாததைப் பற்றி என்ன சொல்ல?

இந்த 1400 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்த ஊரில் உட்கார்ந்து கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் தெரியும். அவரும் பாண்டிச்சேரி விழுந்த அதே 1761 ஜனவரியில் கண்ணை மூடினார். ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் ஆங்கிலேயர்கள்.

இப்போது அந்த 11-வது பிரிவின் கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் இரு தரப்பிலும் நடந்த கொள்ளைக்கும் சூறையாடலுக்கும் இழப்பீடு கேட்டு, ஒருவர் மேல் ஒருவரோ, ஒருவருடைய இந்தியக் கூட்டாளிகள் மேலோ எந்த உரிமையும் கோருவதில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

படித்தீர்களா? இரண்டு பேர் என் வீட்டுக்குள் புகுந்து சண்டை போட்டு, பானை சட்டியை உடைத்து, நெல்லை அள்ளிக்கொண்டு போகிறார்கள். பிறகு இருவரும் கை குலுக்கி, ‘உடைந்த பானைக்கு நான் உன்னிடம் கேட்கமாட்டேன், நீ என்னிடம் கேட்காதே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பானை யாருடையது ஐயா? நாகூரில் கொள்ளை போனவன், கீவளூரில் செத்தவன் குடும்பம், சேற்றில் மிதிபட்ட பயிருக்குச் சொந்தக்காரன், பாண்டிச்சேரிப் பொட்டலில் புல் தின்ற 1400 பேர், எல்லோருடைய வழக்கும் பாரிஸில் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி. வாதி கோர்ட்டுக்கு வரவே இல்லை. வழக்கு இருப்பதே வாதிக்குத் தெரியாது.

லாலிக்கு நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரான்ஸ் அவரைத் துரோகி என்று தீர்ப்பளித்து 1766 மே மாதம் தலையை வெட்டியது. அவருடைய மகன் விடாமல் போராடி 1778-ல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். வால்டேரே லாலிக்காகப் பேனா எடுத்தார். நல்லது. கீவளூரில் பீரங்கி வாயில் போன ஆறு பேருக்கு எந்த வால்டேர்?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கடிதம் வரும். ‘சார், வெள்ளைக்காரனைக் கூப்பிட்டதே நம்ம ஆட்கள்தானே? முகமது அலி கூப்பிட்டார், சந்தா சாகிப் கூப்பிட்டார், தொண்டைமான் திருச்சிக்கு மூட்டை மூட்டையாக தானியம் அனுப்பினார். நம்ம ஒற்றுமையின்மைதானே காரணம்?’

கூப்பிட்டது ராஜாக்களும் நவாபுகளும். ராஜா வேறு, ஊர் வேறு என்று பிரித்துப் பார்க்க இன்னும் நமக்கு வரவில்லை. தொண்டைமானுக்கு 1948 வரை சமஸ்தானம் மிஞ்சியது, சரி. அவர் கணக்கு லாபம். ஸ்ரீரங்கத்துத் தெருவில் இருந்தவரும் உறையூர் நெசவாளியும் யாரையும் கூப்பிடவில்லை. ‘ஒற்றுமையின்மை’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் குற்றவாளி, குற்றத்துக்கு ஆளானவன் எல்லோரும் ஒரே சாக்குப்பைக்குள் போய்விடுகிறார்கள். அந்தச் சாக்கு மூட்டைதான் நம் பாடப்புத்தகம்.

சமாதானம் வந்த பிறகாவது அமைதி வந்ததா? 1763 பிப்ரவரியில் கையெழுத்து. அதே வருஷம் நவாப் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதே வருஷம் கம்பெனிப் படையும் நவாப் படையும் சேர்ந்து மதுரை மேல் போனது. அங்கே இருந்தவர் யூசுப் கான். கம்பெனிக்காகத் திருச்சியிலும் சென்னையிலும் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவர். சென்னை முற்றுகையின்போது லாலியின் படையை வெளியே இருந்து கொத்திக் கொத்தி எடுத்தவர். போர் முடிந்ததும், பாரிஸ் பட்டாவின்படி அவர் நவாபின் வெறும் வேலைக்காரர். மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இவரைத்தான் நீங்கள் மருதநாயகம் என்று அறிவீர்கள். 1997-ல் கமல்ஹாசன் அந்தப் படத்தைத் தொடங்கியபோது, படப்பிடிப்பைப் பார்க்க வந்த விருந்தாளி இங்கிலாந்து எலிசபெத் மகாராணி! தூக்குப் போட்டவர்கள் வீட்டு மகாராணி. அந்தப் படம் வெளிவராமலே போனது. யூசுப் கானின் ராசி.

போர்ச் செலவு முழுக்க யார் தலையில்? கம்பெனி நவாபுக்கு பில் அனுப்பியது. ‘உனக்காகத்தானே சண்டை போட்டோம்?’ நவாபிடம் காசு இல்லை. சென்னையில் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அடமானம்? ஊர்களின் வரி வசூல். பகலில் கம்பெனி குமாஸ்தா, ராத்திரியில் கந்து வட்டிக்காரர். பால் பென்ஃபீல்டு என்பவர் இதில் சக்கரவர்த்தி. 1785-ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ‘ஆற்காட்டு நவாபின் கடன்கள்’ பற்றி மணிக்கணக்கில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிற்பாடு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தபோது, நவாப் பேரில் வந்த கடன் கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதி செல்லாது என்று தள்ளப்பட்டது. ஆனால் நடுவில் அத்தனை வருஷம் அந்தக் கடனுக்கு வட்டி கட்டியது காவிரி, பாலாற்றுக் கரைகளின் நெல். ‘சட்டப்படியான நவாப்’ என்ற பட்டத்தின் முழு அர்த்தம் அதுதான். கடன் வாங்கக் கையெழுத்துப் போட சட்டப்படி ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

உலகம் முழுக்க இதே கதைதான் என்பதற்கு ஒரு சின்னச் சேதி. 1762-ல் சென்னையிலிருந்து கப்பல் கிளம்பி, ஸ்பெயின்காரர்களிடமிருந்து மணிலாவைப் பிடித்தது. அதில் போனவர்களில் நம்ம பக்கத்துச் சிப்பாய்களும் உண்டு. பாரிஸில் கையெழுத்துப் போடும்போது மணிலா விழுந்த சேதியே வந்து சேரவில்லை. ‘தெரியாமல் பிடித்திருந்தால் சும்மா திருப்பிக் கொடு’ என்ற பிரிவின்படி மணிலா திரும்பப் போனது. சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைன்டா என்ற ஊரில் அவர்கள் வம்சம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று. வாரக்கடைசியில் பாண்டிக்கு வண்டி கட்டுகிற அன்பர்களே, கேரளாவுக்குள் இருக்கிற மாஹேயும், ஆந்திராவுக்குள் இருக்கிற ஏனாமும், தஞ்சை டெல்டாவில் இருக்கிற காரைக்காலும் ஏன் புதுச்சேரி நிர்வாகத்தில் இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? 1763-ல் திருப்பிக் கொடுத்த கடைகள் அவை. பிறகும் இரண்டு மூன்று தடவை பிடிப்பதும் கொடுப்பதும் நடந்தது. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் நாம் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. பாட்டில் விலை வித்தியாசத்துக்குக் கூட பாரிஸ் உடன்படிக்கையில் வேர் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈழத் தமிழர் பிரச்னைக்கான ஒப்பந்தம். ராஜீவ் காந்தி கையெழுத்துப் போட்டார், ஜெயவர்த்தனே கையெழுத்துப் போட்டார். ஈழத் தமிழர் தரப்பில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? தாளைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முகமது அலி 1795-ல் செத்துப்போனார். சேப்பாக்கம் அரண்மனையில் வாழ்ந்த மனிதரை திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்தார்கள். சந்தா சாகிப்பின் சமாதியும் அதே தர்காவில்தான் இருக்கிறது. எதிரிகள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குப் பக்கத்தில். அவர்களுக்குள் சமாதானம் ஆகியிருக்கலாம்.

ஆனால் பாரிஸுக்கு இந்த ஊர் ஒரு பதில் எழுதியிருக்கிறது. என் சண்டையே அதற்காகத்தான். 1801 ஜூன் 16-ல் சின்ன மருது பெயரில் ஓர் அறிக்கை வந்தது. ஜம்புத்தீவுப் பிரகடனம். அது ஒட்டப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று, திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாசல். இன்னொன்று, ஸ்ரீரங்கம் கோயில் மதில். எல்லாச் சாதிக்காரர்களையும் முஸ்லிம்களையும் கம்பெனிச் சிப்பாய்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதப்பட்டது. அதில் முதல் குற்றச்சாட்டே நவாப் முகமது அலி முட்டாள்தனமாக ஐரோப்பியர்களுக்கு இடம் கொடுத்துவிட்டார் என்பதுதான். மூன்று ராஜாக்கள் கையெழுத்திட்டு ‘சட்டப்படியான நவாப்’ என்று சொன்ன அதே மனிதரைப் பற்றி, முப்பத்தெட்டு வருஷம் கழித்து, அவர் அரண்மனை வாசலிலேயே எழுதி ஒட்டினார்கள். 

ஏறக்குறைய ஆறு வாரத்தில், 1801 ஜூலை 31-ல், கம்பெனி அந்த நவாப் வம்சத்துக்குப் பென்ஷன் கொடுத்துவிட்டு நாட்டையே எடுத்துக்கொண்டது. பாரிஸ் பட்டா காலாவதி. தேவைப்பட்ட வரைக்கும்தான் சட்டம். அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். ராணி மங்கம்மாள் மகாலில் அரசு மியூசியம் இருக்கிறது. அங்கே இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் தமிழில் எழுதி வையுங்கள். இந்தப் பக்கம் பாரிஸின் 11-வது பிரிவு, கொள்ளைக்குக் கணக்கு கேட்கமாட்டோம் என்ற கடைசி வாக்கியத்தோடு. அந்தப் பக்கம் 1801 சுவரொட்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து மார்க் கேள்வியை அதற்குப் பிறகு கேட்கலாம்.

அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போகும்போது, கோயில் மதிலில் அந்த அறிக்கையை எந்த இடத்தில் ஒட்டினார்கள் என்று யாரையாவது விசாரித்துப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.